இறங்கத் தெரிந்த கார்

ஒக்ரோபர் 14, சனி

வேலைக் கடிதம் வந்துவிட்டது. டிசெம்பர் 1 தொடக்கம் வீடு வீடாகப் போய் வயதானவர்களைப் பராமரிக்கிற வேலை. கடைசிப் பந்தியில் ஒரு வரி: சொந்த வாகனம் வேண்டும், ஓடுகிற கிலோமீற்றருக்குக் காசு தரப்படும். இருபத்திரண்டு வருஷமாகச் சூரிச்சில் ட்ராமிலும் ரயிலிலும் போய்வந்தவளின் நித்திரையைக் கெடுக்க அந்த ஒரு வரி போதும்.

இவர் குளோஸ்ரர்ஸில் ஒரு ஹொட்டேல் குசினியில் வேலை. இரண்டு குளிர்காலம் பிரிந்திருந்தது போதும் என்று ஓகஸ்டில் நானும் இந்தப் பிரெட்டிகாவ் பள்ளத்தாக்குக்கு வந்து சேர்ந்தேன். வீடு கூப்ளிஸில், ஏறத்தாழ 800 மீற்றர் உயரத்தில். எனக்குத் தந்திருக்கிற பகுதி இங்கிருந்து லுட்சைன், பானி தாண்டி சங்க்ட் அன்ரோனியன் வரைக்கும். அது 1,400 மீற்றருக்கு மேலே. பத்துப் பன்னிரண்டு கிலோமீற்றருக்குள் அவ்வளவு ஏற்றம். பகலில் மஞ்சள் பஸ் ஒழுங்காகப் போகிறது. ஆனால் என் முதல் வீட்டு அம்மாவைக் காலை ஆறே காலுக்கு எழுப்ப வேண்டும்.

லைசன்ஸ் இருக்கிறது, 2009இல் எடுத்தது. ஓடியதெல்லாம் சமதரையில், மற்றவர்களின் காரில். கையிலிருப்பது ஒன்பதாயிரம் பிராங். ரயரும் அதற்குள் வரவேண்டும் என்று இவர் சொல்லிவிட்டார்.

ஒக்ரோபர் 17, செவ்வாய்

சூரிச்சிலிருந்து தம்பி போன் எடுத்தான். "அக்கா, ஒரு பிஎம்டபிள்யூ பாத்து வைச்சிருக்கிறன். கறுப்பு. லெதர் சீற். உன்ரை காசுக்கு இப்பிடி ஒண்டு திரும்பக் கிடைக்காது."

"எந்தச் சில்லு இழுக்கும்?"

"பின்சில்லு. அதிலைதானே ஓடுற சுகமே இருக்கு."

அந்தச் சுகம் எனக்கு வேண்டாம். எஞ்சின் பாரம் முன்னுக்கு, தள்ளுவது பின்னுக்கு. பனியில் பின்சில்லு பிடி விட்டால் காரின் வால் தன்பாட்டில் ஒரு பக்கம் போகும். குளோஸ்ரர்ஸில் ஒரு கிழவர் தன்னுடைய பழைய பின்சில்லுக் காரின் டிக்கியில் குளிர்காலம் முழுக்க மணல் மூட்டை ஏற்றி வைத்திருப்பாராம், பின்சில்லு தரையை அழுத்துவதற்கு. "நாங்கள் இருபது கிலோ அரிசி மூட்டை ரெண்டு வைக்கலாம், எப்பிடியும் வேண்டத்தானே வேணும்" என்றார் இவர்.

இரவு அம்மாவோடு கதைத்தேன். பருத்தித்துறையில் நல்ல வெயிலாம். கார் கதை முழுக்கக் கேட்டுவிட்டு, "சறுக்குமெண்டு தெரிஞ்சும் ஏன் பிள்ளை அந்த றோட்டாலை போறாய்?" என்றா. பதில் இல்லை.

ஒக்ரோபர் 21, சனி

கீழே சமவெளியில் பழைய கார் விற்கிற ஒரு பெரிய இடத்துக்குப் போனோம். பேர் எழுதவில்லை. வரிசையில் முதலாவதாக ஒரு வெள்ளைக் கார், ஜீப் மாதிரி உயரம், பக்கமெல்லாம் கறுப்புப் பிளாஸ்ரிக் கவசம், கூரையில் தண்டவாளம். பார்த்தால் எவரெஸ்டே ஏறும். இவருக்கு முகம் மலர்ந்துவிட்டது. விற்கிற பெடியன் "இதுதான் அக்கா மலைக்கு" என்கிற மாதிரி ஜெர்மனில் அளந்தான்.

பின்பக்கம் குனிந்து பார்த்தேன். பின்சில்லுகளுக்கு நடுவில் இருக்கவேண்டிய உருளைப் பெட்டியும் இல்லை, அதற்குப் போகிற தண்டும் இல்லை. முன்சில்லு மட்டும் இழுக்கிற கார்தான், உயரமான சட்டை போட்டிருக்கிறது. கேட்டபோது, "இந்த மொடலில் நாலு சில்லு இழுவையும் வருகிறது" என்றான். வருகிறதாம். இதில் வரவில்லை.

குளிர்கால ரயர் புதுசு என்றும் சொன்னான். ரயரின் ஓரத்தில் முட்டை வடிவக் கட்டத்துக்குள் நாலு இலக்கம் இருக்கும். முதல் இரண்டு கிழமை, பின் இரண்டு வருஷம். இதில் 3816. அதாவது 2016ஆம் ஆண்டின் 38ஆவது கிழமை செய்தது. வெட்டு இன்னும் ஆழமாகத்தான் இருந்தது, அதனால்தான் புதுசு என்று துணிந்து சொல்லியிருக்கிறான். பெருவிரல் நகத்தால் அழுத்தினேன். பதியவில்லை. காய்ந்த செருப்பின் அடி மாதிரி இருந்தது. பக்கத்துக் காரில் போன வருஷத்து ரயர். அதில் நகம் பதிந்து மெல்லத் திரும்பி வந்தது.

விலை பதினொராயிரம். இவர் திரும்பும் வழியெல்லாம் அந்த வெள்ளைக் காரைப் பற்றியே கதைத்தார்.

ஒக்ரோபர் 25, புதன்

இன்று வேலை பார்த்துப் பழகும் நாள். கூட வேலை செய்யப்போகிற பெட்டை தன் காரில் கூட்டிப்போனாள். சுசுக்கி இக்னிஸ், நாலு சில்லு இழுவை. எங்கள் ஆட்கள் கலியாண வீட்டுக்குக் கொண்டுபோக வெட்கப்படுகிற அளவு சின்னது. அவள் அதை ஆடு மாதிரி ஓட்டுகிறாள்.

றோட்டு ஓரம் முழுக்கச் செம்மஞ்சள் கம்பு நட்டுக்கொண்டு போகிறார்கள், ஆளைவிட உயரமாக. பனி மூடினால் றோட்டின் கரை எது என்று பனி வழிக்கிற வண்டிக்காரனுக்குக் காட்ட. இவ்வளவு உயரக் கம்பு எதற்கு என்று கேட்டேன். "பொறுத்துப் பார்" என்றாள்.

கடைசி வீடு என் முதல் வீடாக இருக்கப்போகிறது. பெரிய றோட்டிலிருந்து பிரிகிற ஒழுங்கை, ஒரு கார் மட்டும் போகிற அகலம். ஒரு பக்கம் மதில், மறுபக்கம் பள்ளம், நடுவில் முழங்கை மடித்த மாதிரி ஒரு வளைவு. கைகளை விரித்துக் காரின் அகலத்தை மனதில் அளந்தேன். அந்த வெள்ளைக் கார் இங்கே வந்திருந்தால் கண்ணாடி இரண்டையும் மடக்கிக்கொண்டு அழுதிருப்பேன்.

வீட்டின் பின்சுவர் மலையோடு சேர்ந்த மேடாக இருக்கிறது. பனிச்சரிவு வந்தால் வீட்டில் மோதாமல் கூரைக்கு மேலால் வழுகிப்போகட்டும் என்று பழைய ஆட்கள் கட்டியது. மேலே மலைமுகம் முழுக்க இரும்பு வேலி வேலியாகத் தடுப்பு. 1951ஆம் ஆண்டின் பனிச்சரிவுகளுக்குப் பிறகு கட்டத் தொடங்கியது.

வீட்டு அம்மாவுக்கு எண்பத்தெட்டு. பேர் எழுதமாட்டேன், அது தொழில் ஒழுங்கு. கார் வேண்டப்போகிறேன் என்று கேட்டதும் அவவுக்குச் சிரிப்பு. இந்த கிராவ்புண்டன் மாநிலத்தில் 1900இலிருந்து 1925வரை கார் ஓடுவதே தடையாம். திரும்பத் திரும்ப வாக்கெடுப்பு வைத்து, திரும்பத் திரும்ப வேண்டாம் என்றே சனம் போட்டதாம். வெளியிலிருந்து காரோடு வந்த பணக்காரர் எஞ்சினை நிற்பாட்டிவிட்டுக் குதிரையைப் பூட்டி இழுக்கவைத்தார்களாம். "ஓட்ஸ் தின்கிற எஞ்சின்" என்று அதற்குப் பகிடிப் பேர். தன் அப்பா சின்னப் பெடியனாக அதைப் பார்த்து நின்றதைச் சொல்லிச் சொல்லியே செத்தவர் என்றா. "குதிரை சறுக்காது. இலாடத்தில் ஆணி இருக்கும்."

ஒக்ரோபர் 29, ஞாயிறு

மணிக்கூட்டை ஒரு மணித்தியாலம் பின்னுக்கு வைத்த நாள். மிஞ்சிய நேரத்தில் ரயர் பற்றிப் படித்தேன்.

இங்கே ஆட்கள் ரயரைப் 'ப்னோ' என்பார்கள். 'ஒ' முதல் 'ஒ' வரை குளிர்கால ப்னோ என்பது சொல்வழக்கு: ஒக்ரோபரிலிருந்து ஒஸ்ரர்ன் வரை, அதாவது ஈஸ்ரர் வரை. இவ்வளவு சட்டம் போடுகிற நாட்டில் குளிர்கால ரயர் கட்டாயம் என்று ஒரு சட்டம் இல்லை என்று அறிந்தபோது நம்பமுடியவில்லை. கட்டாயம் இல்லை. ஆனால் கோடைகால ரயரோடு பனியில் போய் மோதினாலோ, வழியை மறித்துக்கொண்டு நின்றாலோ பொறுப்பு உன்னுடையது. இன்சூரன்சும் கையை விரிக்கலாம். போடு என்று சொல்லமாட்டார்கள், போடாவிட்டால் பார் என்பார்கள். சுவிஸ்காரரின் குணமே அதுதான்.

விஷயம் றப்பரில் இருக்கிறது. ஏறத்தாழ 7 பாகைக்குக் கீழே போனால் கோடைகால ரயரின் றப்பர் விறைக்கத் தொடங்கும். குளிர்கால ரயரின் கலவை குளிரிலும் மெதுவாகவே இருக்கும். அதன் மேலே கத்தியால் கீறிய மாதிரி நூற்றுக்கணக்கான நுண்வெட்டுகள். அவை விரிந்து பனியைக் கவ்வும். கவ்விய பனி வெட்டுக்குள் நிற்கவேண்டுமாம், ஏனென்றால் பனி பனியோடுதான் நன்றாக ஒட்டும். பனி உருண்டை பிடித்து விளையாடுகிற பிள்ளைக்கு இது தெரியும். ரயரின் பக்கத்தில் மூன்று சிகரம் உள்ள மலையும் அதற்குள் பனிப்பூவும் வரைந்திருந்தால் பனியில் சோதித்துப் பார்த்த ரயர். வெறும் எம், எஸ் எழுத்துகளை நம்பக்கூடாது. சட்டப்படி 1.6 மில்லிமீற்றர் வெட்டு போதும். குளிர்காலத்துக்கு 4க்குக் கீழே இறங்கவிடாதே என்கிறார்கள்.

இன்னொன்று, எனக்குச் சந்தோஷமானது: பனியில் ஒடுங்கின ரயர்தான் நல்லது. பாரம் சின்ன இடத்தில் அழுந்தி, பனியை வெட்டிக்கொண்டு கீழே போகும். அகல ரயர் மேலே மிதக்கும். அகல ரயர் போட்ட காருக்குத்தான் விலையும் கூட.

நவம்பர் 3, வெள்ளி

மின்சாரக் கார் வேண்டாம். அது கெட்டதென்று அல்ல. நாங்கள் இருக்கிற வாடகை வீட்டில் சார்ஜ் பண்ண வழியில்லை, குளிரில் பட்டரி குறைந்த தூரம்தான் போகும், என் ஒன்பதாயிரத்துக்கு வருவது பழைய பட்டரி. டீசலும் வேண்டாம். வீட்டுக்கு வீடு ஐந்து நிமிஷ ஓட்டத்தில் எஞ்சின் சூடேறவே நேரமில்லை, புகைவடிகட்டி அடைத்துப்போகும்.

இவரின் குசினித் தலைவர் சுபாரு என்றாராம். இந்த மலைகளில் சுபாருவுக்கு ஒரு பக்தி உண்டு. 1972 ஒலிம்பிக்கில் பனிச்சறுக்கில் தங்கம் வென்ற பேர்ன்ஹார்ட் ருஸ்ஸி பல பத்தாண்டுகளாக அதன் விளம்பர முகம். நாலு சில்லும் எந்நேரமும் இழுக்கும், நல்ல கார்தான். ஆனால் என் காசுக்கு அகப்பட்டவை எல்லாம் இரண்டு லட்சம் கிலோமீற்றர் ஓடியவை, அந்த ஒழுங்கைக்கு அகலமானவை.

நவம்பர் 7, செவ்வாய்

பள்ளத்தாக்கிலேயே இருக்கிற ஒரு சின்னக் கராச். கூட வேலை செய்யப்போகிற பெட்டைதான் அனுப்பியவள். கராச்சுக்காரர் குளிர்காலத்தில் அதிகாலையில் ஊராட்சிக்காகப் பனி வழிக்கிற வண்டியும் ஓட்டுகிறவர். சறுக்கிப் பள்ளத்தில் கிடக்கிற கார்களை முதலில் காண்பவரும் அவர்தான், பிறகு இழுத்து வந்து திருத்துபவரும் அவர்தான்.

"நாலு சில்லு இழுவை வேண்டும்" என்று தொடங்கினேன். "ஏன்?" என்றார். மேலே ஏற என்றேன். "ஏறமுடியாவிட்டால் கீழேயே நிற்பாய். ஒருவரும் சாகமாட்டார். இறங்கும்போது நிற்கமுடியாவிட்டால்?"

பிறகு ஒரு பழைய காரின் பின்பெட்டியைக் கழற்றி வைத்திருந்ததைக் காட்டினார். தட்டுத் தட்டாக அடுக்கு. ஒன்றுவிட்டு ஒரு தட்டு முன்சில்லோடு, மற்றவை பின்சில்லோடு சேர்ந்தவை. இடையில் சீனிப்பாகு மாதிரி ஒரு தடித்த சிலிக்கோன் எண்ணெய். முன்சில்லு சறுக்கி வேகமாகச் சுற்றினால் தட்டுகள் உரசி எண்ணெய் சூடேறி இறுகும். இறுகினால் பின்சில்லையும் இழுத்துக்கொண்டு போகும். மின்சாரம் இல்லை, கணினி இல்லை. இட்டலிமா புளிப்பது மாதிரி தன்பாட்டில் நடக்கிற விஷயம். புதுக் கார்களில் இதே வேலையைக் கணினி சொல்லிச் செய்விக்கிறார்கள்.

இதெல்லாம் கார் புறப்படுவதற்கும் ஏறுவதற்கும். பிறேக் எல்லாக் காரிலும் நாலு சில்லில்தான். நாலு சில்லு இழுக்கிற காருக்கு ஐந்தாவது பிறேக் கிடையாது. அவர் பள்ளத்திலிருந்து இழுத்தெடுப்பதில் நாலு சில்லு இழுவைக் கார்கள் நிறையவாம். காரணமும் சொன்னார்: முன்சில்லு மட்டும் இழுக்கிற கார், றோட்டு வழுக்கலென்றால் வீட்டுப் படலையிலேயே உதறிக் காட்டிவிடும். நாலு சில்லுக் கார் ஒன்றும் சொல்லாமல் சமர்த்தாகப் புறப்படும். வழுக்கல் எவ்வளவு என்று முதல் தரம் தெரிவது முதல் வளைவில்.

"அப்ப எனக்கு நாலு சில்லு வேண்டாமா?"

நான் சொன்ன வீட்டு விலாசத்தை நினைத்துப் பார்த்தார். "அந்த ஒழுங்கைக்கு வேண்டும்" என்றார். "ஆனால் முதலில் ரயருக்குக் காசை எடுத்து வை. மிச்சத்துக்குக் கார் பார்ப்போம்."

இந்த ஒரு வசனத்துக்காகவே அவரிடம் கார் வேண்டத் தீர்மானித்தேன்.

நவம்பர் 11, சனி

வேண்டிவிட்டேன். ஃபியட் பாண்டா, நாலு சில்லு இழுவை, 2014, எண்பத்தையாயிரம் கிலோமீற்றர், 7,600 பிராங். கடும் பச்சை.

பாண்டாவின் முதல் நாலு சில்லுக் கார் 1983இல் வந்தது. இழுவை அமைப்பைச் செய்து கொடுத்தது ஒஸ்ரியாவின் ஸ்ரையர்-புக். இந்தப் பக்கத்து மலைகளில் இன்னும் ஒன்றிரண்டு, பால்கலன் ஏற்றிக்கொண்டு ஓடுகின்றன. என்னுடையது அதன் பேரன். ரயர் அகலம் 175. ஒடுங்கினது, விலையும் குறைவு. தரைக்கும் அடிவயிற்றுக்கும் இடையில் 16 சென்ரிமீற்றர். முதல் கியர் மிகக் கட்டை, நடைவேகத்தில் ஏற. எஞ்சினுக்கு இரண்டே இரண்டு சிலிண்டர். முடுக்கினால் அப்பாவின் காலத்து லான்ட்மாஸ்ரர் உழவு மெசின் சத்தம். இவர் முகத்தைச் சுளித்தார். எனக்கு வயல் ஞாபகம் வந்தது.

வேண்டுமுன் கார்ட்போட் மட்டையைத் தரையில் விரித்து, ரோர்ச் பிடித்து, அடியில் படுத்துப் பார்த்தேன். பனிக்கு உப்புத் தூவுகிற ஊரில் காரின் வயது அடியில்தான் எழுதியிருக்கும். பின்பக்கம் கொஞ்சம் கறள், ஆனால் மேலோட்டம். கராச்சுக்காரர் நான் எழும்பும்வரை ஒன்றும் பேசாமல் நின்றுவிட்டு, ஒரு துணி நீட்டினார். அரசாங்கச் சோதனை முடித்தே தருகிறார். ரயர் நாலும் புதுசு, மூன்று சிகரக் குறியோடு, இந்த வருஷத்து இலக்கம். எல்லாம் சேர்த்து ஒன்பதாயிரத்துக்குள் நூற்றுச்சொச்சம் மிச்சம்.

நம்பர் பலகை இந்த நாட்டில் காருக்கு அல்ல, ஆளுக்கு. பின்பலகையில் மாநிலச் சின்னத்தில் சின்னதாக ஒரு மலையாடு நிற்கிறது.

நவம்பர் 18, சனி

மிச்சக் காசில் சில்லுச் சங்கிலி. நாலு சில்லுக் காருக்கும் வேண்டும். சங்கிலிப் பலகை போட்ட றோட்டில் நாலு சில்லுக்கு விலக்கு என்று எழுதியிருந்தால்தான் விலக்கு.

பனியில் முதல் தரம் பிரித்துப் பார்க்காதே, காய்ந்த தரையில் பழகு என்று எல்லோரும் சொன்னதால் இன்று முற்றத்தில் பழகினேன். இவர் கைபேசியில் நேரம் பிடித்தார். முதல் தரம் இருபத்தேழு நிமிஷம், அதுவும் உட்புறம் வெளியே மாறி. இரண்டாவது பதினாலு. தாலிக்கொடிச் சிக்கல்கூட இவ்வளவு பொல்லாததல்ல. ஐந்தாவது தரம் ஆறு நிமிஷம். மேல் வீட்டுப் பிள்ளைகள் யன்னலில் நின்று கைதட்டினார்கள். சங்கிலியோடு 50க்கு மேல் ஓடக்கூடாது. ஓட ஆசை வராது, பல்லெல்லாம் ஆடும்.

நவம்பர் 25, சனி

இரவு பனி. ஒரு சாண் அளவு.

கண்ணாடியில் முகம் பார்க்கிற அளவு ஓட்டை சுரண்டிவிட்டு ஓடினால் பொலிஸ் தண்டம் போடும். கூரை, லைட், நம்பர் பலகை எல்லாம் துடைக்கவேண்டும். கூரைப் பனி பிறேக் பிடிக்கும்போது முன்கண்ணாடியில் சரியும். பதினைந்து நிமிஷம் போனது. வேலை நாளில் இதற்கும் சேர்த்து எழும்பவேண்டும்.

கூட வேலை செய்யப்போகிற பெட்டை வந்தாள். பாவனையில்லாத ஒரு பெரிய கார் தரிப்பிடத்துக்குப் போனோம். "முப்பதிலை போய், காலால் பிறேக்கை உடை" என்றாள். உடைத்தேன். காலுக்குக் கீழே பிறேக் கடகடவென்று உதைத்தது. பயந்து காலை எடுத்துவிட்டேன். அதுதான் எல்லோரும் செய்கிற பிழையாம். அந்த உதைப்பு சில்லு பூட்டிக்கொள்ளாமல் காக்கிற வேலை, காலை எடுக்கக்கூடாது. இரண்டாவது தரம் அழுத்திப் பிடித்தேன். நின்ற இடத்தில் அவள் ஒரு கையுறையைப் போட்டாள்.

பிறகு ஐம்பதில். கையுறையைத் தாண்டிக் கார் போனது. போய்க்கொண்டே இருந்தது. ஸ்ரியறிங்கைப் பிடித்துக்கொண்டு நான் ஏதோ கடவுள் பேர் சொன்னேன், எந்தக் கடவுள் என்று ஞாபகமில்லை. இறங்கி இரண்டையும் நடந்து அளந்தோம். முதலாவது பதினொரு எட்டு, இரண்டாவது முப்பத்திரண்டு. வேகம் இரண்டு மடங்குகூட ஆகவில்லை. நிற்கிற தூரம் வேகத்தின் வர்க்கத்தோடு போகும் என்று பள்ளிக்கூடத்தில் எழுதிச் சித்தியடைந்த கணக்குத்தான். காலால் அளந்தபோதுதான் விளங்கியது. ரயர் புதுசாக இருந்தே இவ்வளவு.

நவம்பர் 28, செவ்வாய்

பெட்டை சொல்லித் தந்தவை: கதவு றப்பருக்கு மான் கொழுப்புக் குச்சி பூசினால் காலையில் கதவு ஒட்டாது. சைவக்காரர் வீட்டில் மான் கொழுப்பு. அம்மாவுக்குச் சொல்லப்போவதில்லை. இரவில் கைப்பிறேக் இழுத்து விடாதே, ஈரம் உறைந்து பிடித்துக்கொள்ளும், கியரில் நிறுத்து. இறக்கத்தில் பிறேக்கில் கால் வைக்குமுன் கியரைக் குறை. டிக்கியில் சவள், கம்பளி, ரோர்ச். நான் ஒரு பை முறுக்கும் வைத்தேன்.

டிசெம்பர் 1, வெள்ளி

முதல் நாள். நாலரைக்கு எழும்பினேன். டாவோஸ் பனி ஆய்வு நிலையத்தின் பனிச்சரிவு அறிக்கை மாலை ஐந்து மணிக்கும் காலை எட்டுக்கும் வரும். நான் போகிற நேரத்துக்கு முதல்நாள் மாலையில் வந்ததுதான் கதி. பார்த்தேன், றோட்டு திறந்திருந்தது.

ஏற்றத்தில் ஒன்றும் நடக்கவில்லை. கார் தன்பாட்டில் ஏறியது. அதுதான் பயம். ஒவ்வொரு நேர் றோட்டிலும், பின்னால் ஒருவரும் இல்லையென்று பார்த்து, மெல்லப் பிறேக்கைத் தொட்டு எவ்வளவு பிடி என்று கேட்டுக் கேட்டுப் போனேன்.

ஒழுங்கை வாசலில் வழிக்கிற வண்டி தள்ளிவிட்டுப் போன பனி, வயல் வரம்பு மாதிரி குறுக்கே கிடந்தது. முழங்காலுக்குக் கொஞ்சம் கீழே. 16 சென்ரிமீற்றர் எதற்கு என்று அந்த இடத்தில் விளங்கியது, அது போதாது என்றும். இறங்கிச் சவளால் வெட்டினேன். வரம்பு வெட்டி எத்தனை வருஷம்.

அந்த அம்மா ஆறு இருபதுக்கு எழும்பியே இருந்தா. "குதிரை வந்துவிட்டதா?" என்றா.

டிசெம்பர் 12, செவ்வாய்

இரண்டு நாளாகப் பனி. செம்மஞ்சள் கம்புகளில் பாதிதான் வெளியே தெரிகிறது.

மேல் வீடு முடித்து இறங்கிக்கொண்டிருந்தேன், இரண்டாம் கியரில். வளைவுக்கு அப்பால் மூன்று சுருதியில் ஹோர்ன் கேட்டது. ரொசினியின் வில்லியம் ரெல் இசைநாடகத்திலிருந்து எடுத்த சத்தம், மலை றோட்டு மஞ்சள் பஸ் எல்லாவற்றிலும் அதுதான். கோடையில் சுற்றுலாக்காரர் கேட்டு மகிழ்வது. எனக்கு வயிறு கலங்கியது.

வேகத்தைக் குறைத்தேன். நின்றது. நிற்கவேண்டிய இடத்தில், சறுக்காமல் நின்றது. பஸ் வளைவில் வெளிப்பட்டது, எனக்கும் அதற்கும் இடையில் இரண்டு கார் நீளம். ஒடுங்கின ஏற்றத்தில் ஏறி வருபவருக்கே வழி, இறங்குகிறவர்தான் விட்டுக்கொடுக்கவேண்டும். சாரதி கையை மடக்கிப் பின்னுக்குப் போ என்று காட்டினார், கோபம் இல்லாமல், பிள்ளைக்குக் காட்டுகிற மாதிரி.

பின்னுக்கு என்றால் மேலுக்கு. பனியில், ஏற்றத்தில், றிவேர்ஸில். ஒதுங்கிற இடம் அறுபது மீற்றர் பின்னால். கிளச்சை மெல்ல விட்டேன். முன்சில்லு ஒரு தரம் உதறியது. உடனே பின்னாலிருந்து யாரோ கயிறு போட்டு இழுத்த மாதிரிக் கார் நகர்ந்தது. கராச்சுக்காரரின் சீனிப்பாகு நினைவுக்கு வந்தது. என் காரில் பாகு இல்லை, கணினிதான், இருந்தாலும். இழுவை வேண்டும் என்று அவர் சொன்ன ஒழுங்கையில் அல்ல, பெரிய றோட்டில் அது உதவியது. பஸ் என் கண்ணாடியை ஒரு கை அகலத்தில் தாண்டிப் போனது. சாரதி ஸ்ரியறிங்கிலிருந்து இரண்டு விரலை உயர்த்தினார்.

அடுத்த வீட்டுக்குப் பத்து நிமிஷம் பிந்திப் போனேன். அந்த ஐயாவுக்குத் தொண்ணூற்றொன்று. யன்னலில் இருந்து எல்லாம் பார்த்திருக்கிறார். காலை நீட்டமாட்டேன், முதலில் காரைக் காட்டு என்றார். ஜாக்கெட் போட்டு, தொப்பி போட்டு, நடைவண்டியோடு வாசல்வரை கூட்டிப்போனேன். முன்சில்லுப் பக்கம் குனிந்து, பொல்லு நுனியால் ரயரில் ஒட்டியிருந்த பனியைத் தட்டிவிட்டு, வெட்டுக்குள் நுனியை விட்டுப் பார்த்தார். மற்றப் பக்கமும் போகவேண்டும் என்றார். போனோம். அங்கேயும் பார்த்தார்.

ஒன்றும் சொல்லவில்லை. உள்ளே வந்து கதிரையில் இருந்து காலை நீட்டினார். இறுக்கு மேசு போடத் தொடங்கினேன்.